இரண்டு பக்கம் டுப்கி, ஒற்றை வரியில் உங்கள் ஆட்டம்

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் ஒரு மகளிர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வயது 19, உயரம் 154 செ.மீ., எடை 49 கிலோ. பதின்மூன்று வயதிலிருந்து கபடி ஆடுகிறேன். ரெய்டு, அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போவதுதான் என் வேலை. புரோ கபடி வீரர் பர்தீப் நர்வாலின் டுப்கியை, அதாவது தடுப்பவர்களின் கைகளுக்கு அடியில் குனிந்து நுழைந்து தப்பும் வித்தையைப் பார்த்துப் பார்த்து இரண்டு வருடமாகப் பயிற்சி செய்கிறேன். பயிற்சியில் வருகிறது, போட்டியில் மாட்டிக்கொள்கிறேன். எனக்குப் பெரும்பாலும் புள்ளி கிடைப்பது, போனஸ் புள்ளிக்காகக் கோட்டைத் தாண்டிக் கால் வைக்கும்போது கார்னரில், அதாவது தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்பவர் குனிந்தால் அவர் தோளைக் கையால் தொட்டுவிட்டு ஓடி வருவதில்தான். பல்கலைக்கழக அணித் தேர்வில் ஒருவர், "எல்லாம் ஆடுகிறாய், ஆனால் உனக்கென்று ஓர் ஆட்டம் இல்லையே" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எங்கள் பயிற்சியாளரோ தடுப்பு வரிசையில் உள்ளே தள்ளி இருக்கும் கவர் இடத்தில் நின்று பிடிக்கப் பழகு என்கிறார். எனக்கென்று ஒரு பாணியை எப்படி உருவாக்கிக்கொள்வது?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தின் சுருக்கத்தைத்தான் மேலே வெளியிட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். அதில் டுப்கியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். தலையை எந்த நேரத்தில் தாழ்த்த வேண்டும், முதுகை எவ்வளவு வளைக்க வேண்டும், எத்தனை வீடியோ பார்த்தீர்கள் என்பதெல்லாம் விவரமாக இருக்கிறது. உங்களுக்கு உண்மையில் புள்ளி எங்கே கிடைக்கிறது என்பதை ஒரே ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறீர்கள். நீங்கள் தேடும் பாணி அந்த ஒரு வரியில் இருக்கிறது என்பதே என் பதில். மற்றதெல்லாம் அதற்கான விளக்கம்தான்.

பாணி என்பதை ஒரு வித்தையின் பெயராக நினைக்கும் பழக்கம் தொலைக்காட்சியில் கபடி வந்த பிறகு நம் பிள்ளைகளிடம் அதிகமாகியிருக்கிறது. டுப்கி என்றால் பர்தீப், உயரத் தாவினால் பவன் செராவத் என்று பெயரோடு பெயராக ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் கணுக்கால் பிடியை எடுத்துக்கொள்ளுங்கள். அது எந்த ஊர்க் களத்திலும் பத்துப் பேர் போடுகிற பிடி. அதே பிடியைப் போட்ட தஞ்சாவூர் மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன், நாற்பதைக் கடந்த வயதில், 2016-இல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைவராக இருந்து புரோ கபடிக் கோப்பையை வென்றார். பிடி எல்லோருக்கும் பொதுவானது. ரெய்டர் பாரத்தை எந்தக் காலில் இறக்குகிறார் என்று பார்த்துக்கொண்டு அதுவரை அசையாமல் நிற்கும் பொறுமைதான் அவருடையது. அந்தப் பொறுமையைப் பார்த்தே தூரத்திலிருந்து அவரை அடையாளம் சொல்லிவிடலாம்.

டுப்கி பர்தீப்புக்கு ஏன் பலித்தது என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 2017-ஆம் ஆண்டுப் புரோ கபடித் தொடரில் அவர் எடுத்த ரெய்டுப் புள்ளிகள் 369. ஒரே ரெய்டில் 8 புள்ளிகள் எடுத்ததும் அந்தத் தொடரில்தான். தடுப்பவர்கள் கைகோத்து, நிமிர்ந்த உடம்போடு, அவருடைய இடுப்புக்கும் மார்புக்கும் குறிவைத்து மூடிக்கொண்டு வந்தார்கள். கோத்த கைகளுக்குக் கீழே ஓர் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் நுழைந்து, மேலே இரண்டு பேர் விழுந்தாலும் சுமந்துகொண்டு நடுக்கோட்டுக்கு நகரும் கழுத்தும் முதுகும் தொடையும் அவருக்கு இருந்தன. அதாவது, பலமான ஆள் என்பதால் கூட்டமாக வந்தார்கள். கூட்டமாக வந்ததால் டுப்கிக்கு வழி பிறந்தது. உங்களைப் பிடிக்க எதிரணி அப்படிக் கூட்டமாக வருகிறதா? 49 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணைப் பிடிக்கக் கார்னரில் நிற்கும் ஒருவரே போதும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை நம் பெண்கள் கபடியில் முதல் பிடி பெரும்பாலும் காலுக்குத்தான் வருகிறது. குனிந்து காலுக்கு வருகிறவருக்கு அடியில் நுழைந்து போக இடம் ஏது? நீங்கள் சரியாகக் கற்றுக்கொண்ட ஒரு விடையை, யாரும் கேட்காத கேள்விக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். போட்டியில் அது வராததற்கு உங்கள் பயிற்சியில் குறை என்று நான் நினைக்கவில்லை.

இனி அந்த ஒரு வரிக்கு வருவோம்.

போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைக்கிறீர்கள். கார்னரில் நிற்பவர் அந்தக் காலைப் பிடிக்கக் குனிகிறார். குனிந்ததும் அவருடைய தலையும் தோளும் உங்கள் கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிடுகின்றன. உயரமான ரெய்டராக இருந்தால் அந்தத் தோளைத் தொடத் தானும் இடுப்பை மடக்கிக் குனிய வேண்டும். குனிந்தவர் மறுபடி நிமிர்ந்துதான் ஓட முடியும். அந்த அரை நொடியில் பிடி விழுந்துவிடும். உங்களுக்கு 154 செ.மீ. உயரம். கை தொங்கும் இடத்திலேயே அவர் தோள் இருக்கிறது. குனியாமலே தொட்டுவிட்டு, இடுப்பைத் திருப்பினால் ஓட்டம்தான். உயரக் குறைவு என்று கடிதத்தில் இரண்டு இடத்தில் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். இந்த ஆட்டத்துக்கு அதுதான் உங்கள் கையிருப்பு.

இதை ஒரு பாணி என்று யாரும் சொல்லவில்லை என்கிறீர்கள். சொல்லாததற்குக் காரணம், நீங்கள் இதைத் தற்செயலாக ஆடுகிறீர்கள். கார்னர் குனிந்தால் தொடுகிறீர்கள். குனியாவிட்டால் வேறு எதையோ முயல்கிறீர்கள். அவரைக் குனிய வைப்பது உங்கள் வேலை என்று எடுத்துக்கொண்டு, அதற்காக ரெய்டின் முதல் அடியிலிருந்து எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திக்கொண்டால், ஆறு மாதத்தில் எதிரணிப் பயிற்சியாளர் தம் பிள்ளைகளிடம் "அந்தக் குட்டைப் பெண் கால் வைக்கும்போது கார்னர் குனியாதே" என்று சொல்வார். உங்களுக்கென்று ஓர் ஆட்டம் வந்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

குனிய வைப்பது எப்படி? இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். கால் வைப்பதுபோலப் பாவனை காட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். நல்ல கார்னர் ஆட்டக்காரர் முகத்தையோ கையையோ பார்ப்பதில்லை. உங்கள் முழங்காலையும் இடுப்பையும் பார்க்கிறார். பாரம் உண்மையாகவே முன்காலுக்கு வந்தால்தான் அவர் நகர்வார். ஆகவே உங்கள் போனஸ் முயற்சி உண்மையானதாக இருக்க வேண்டும். எதிரணியில் ஆறு பேரோ ஏழு பேரோ நிற்கும்போது, பின்கால் அந்தரத்தில் இருக்க, முன்காலைக் கோட்டுக்கு அப்பால் பதித்து, அந்த ஒரு புள்ளியை முதல் மூன்று ரெய்டுகளில் இரண்டு தடவையாவது எடுத்துவிட வேண்டும். அனூப் குமாரை நினைத்துக்கொள்ளுங்கள். 2016-இல் அகமதாபாத்தில் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியின் தலைவர்; ஓடித் திணறடிக்கிற ஆட்டக்காரர் அல்லர்; ஏறக்குறைய நடப்பதுபோலப் போய், போனஸாகவும் கால்விரல் நுனித் தொடலாகவும் ஒவ்வொரு புள்ளியாகச் சேர்த்தவர். ஒரு புள்ளிதானே என்று விட்டுவிட்டால் அடுத்த தடவை அவர் இரண்டாவதையும் எடுத்துவிடுவார். அந்த எரிச்சல்தான் கார்னரில் நிற்பவரைக் குனிய வைக்கும். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியப் பெண்கள் சீன தைபே அணியை வென்று தங்கம் வாங்கியது 26-25 என்ற கணக்கில். ஒரு போனஸ் புள்ளியின் எடை என்னவென்று அந்தக் கணக்கைப் பார்த்தாலே புரியும்.

தொட்ட பிறகு திரும்பும் வழியையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். பெண்கள் களத்தில் நடுக்கோட்டிலிருந்து பாக் லைன் (ரெய்டர் கட்டாயம் தாண்ட வேண்டிய கோடு) 3 மீட்டர், போனஸ் கோடு அதற்கு அப்பால் இன்னும் ஒரு மீட்டர். ஆக நீங்கள் ஓட வேண்டியது 4 மீட்டர். கார்னர் விழுந்துவிட்டார்; ஆனால் அவருக்குப் பக்கத்தில் 'இன்' இடத்தில் நிற்பவரும் அதற்கடுத்த கவரும் உங்கள் முதுகுப் பக்கம் மூடிக்கொண்டு வருவார்கள். நேராக நடுக்கோட்டை நோக்கி ஓடினால் அவர்கள் கைக்குள்தான் ஓடுவீர்கள். தொட்ட அந்தக் கணத்திலிருந்து களத்தின் பக்கவாட்டுப் பட்டையான லாபி உங்களுக்குத் திறந்துவிடுகிறது. ஒரு மீட்டர் அகலம் கூடுதலாகக் கிடைக்கிறது. லாபிக்குள் சாய்வாகப் பாய்ந்து கோட்டைத் தொடுவதை உடம்பு யோசிக்காமல் செய்யும் அளவுக்குப் பழகுங்கள். தொடாமல் லாபியில் கால் வைத்தால் நீங்களே அவுட் என்பது தெரிந்ததுதான். அதனால் கை பட்டதா இல்லையா என்பதில் உங்களுக்கே சந்தேகம் இருக்கக் கூடாது. விரல் நுனியால் உரசாமல், உள்ளங்கை பதியத் தொடுங்கள். நடுவர் கண்ணுக்கும் அது தெளிவாகத் தெரியும்.

இவ்வளவையும் செய்தால் நல்ல அணி உங்களை எத்தனை நாள் விட்டுவைக்கும்? இரண்டு போட்டி. மூன்றாவது போட்டியில் கார்னர் குனிய மாட்டார். அப்போது உங்கள் கையில் இரண்டாவது ஒன்று இருக்க வேண்டும். அது புதிதாக எங்கிருந்தோ கொண்டுவந்த வித்தையாக இருக்கக் கூடாது என்பதை நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முதல் மூன்று அடி முன்பு போலவே இருக்க வேண்டும். அதே பக்கம், அதே கால், அதே வேகம். நான்காவது அடியில்தான் பிரிய வேண்டும். கார்னர் குனிந்தால் தோளைத் தொடுகிறீர்கள். குனியாவிட்டால் போனஸை எடுத்துக்கொண்டு வருகிறீர்கள். குனியாமல் அவர் பின்வாங்கினால், அவருக்கும் 'இன்' ஆட்டக்காரருக்கும் இடையே கை எட்டாத ஓர் இடைவெளி விழும். அங்கே காலை நீட்டி 'இன்' ஆட்டக்காரரின் பாதத்தைத் தொடலாம். ஒரே வாசல் வழியாக உள்ளே போய் மூன்று வாசல் வழியாக வெளியே வருவது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் மூத்தவர்கள் உங்களை "எப்போதும் வலது பக்கமே போகிறாய்" என்று குறை சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். இப்போதைக்கு அந்தக் குறை அப்படியே இருக்கட்டும்.

எதிரணியில் ஆள் குறையும்போது கணக்கு மாறும். ஐந்து பேராகிவிட்டால் போனஸ் கிடையாது. அப்போது உங்கள் காலுக்குக் கார்னர் ஆசைப்பட மாட்டார். இரண்டு ரெய்டு வெறுமனே போய் மூன்றாவது கட்டாயத் தொடலாக வந்தால், அவர்கள் உங்களுக்காகக் காத்திருப்பார்கள். மூன்று பேரோ அதற்குக் குறைவோ என்றால், சூப்பர் டேக்கிள் விதி உள்ள போட்டிகளில் கூடுதல் புள்ளிக்கு ஆசைப்பட்டு அவர்களே முன்னேறி வருவார்கள். உங்களைப் போன்றவருக்கு அது நல்ல நேரம். நடுவில் உள்ள நான்கு, ஐந்து பேர் நிலைதான் உங்களுக்குக் கடினமானது. அதற்கென்று வேகமாக ஓடிக் கை வீசும் தொடல் ஒன்றைத் தனியாகப் பழகிக்கொள்ளுங்கள். அதில் நீங்கள் தேர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை. மாட்டிக்கொள்ளாமல் திரும்பி வந்தால் போதும்.

அடுத்து உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பாட்டு. 'கபடி கபடி' என்று பாடிப் போவதை இன்றைய பிள்ளைகள் விதிக்காகச் செய்கிறார்கள், முணுமுணுப்பாக இருக்கிறது. நான் ஆடிய காலத்தில் என் பாட்டு நன்றாக இருக்கும் என்று எனக்கே ஒரு பெருமை உண்டு. ஆனால் ஐந்து வருடம் ஆடியும் பெரிய போட்டிகளில் ஒரு குறிப்பிட்ட அணியிடம் மட்டும் திரும்பத் திரும்ப மாட்டிக்கொண்டேன். காரணம் புரியவே இல்லை. ஆடுவதை நிறுத்திப் பல வருடம் கழித்து, அந்த அணியில் கார்னராக நின்ற ஒரு பெண்ணை ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்து இலையில் சந்தித்தேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அக்கா, நீங்க தொட வர்றதுக்கு முன்னாடி உங்க குரல் ஒரு படி இறங்கும். அது இறங்குனா நாங்க ரெடி ஆயிடுவோம்." பாய்வதற்காக வயிற்றை இறுக்கும்போது மூச்சு குறைந்து குரல் தாழ்ந்திருக்கிறது. ஐந்து வருடமாக நானே அவர்களுக்கு மணி அடித்துக் கொடுத்திருக்கிறேன். அன்று சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

ஆகவே உங்கள் பாட்டைக் கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். குரல் எங்கே தாழ்கிறது, எங்கே வேகமாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முதலில் அதைச் சமப்படுத்துங்கள். சமமாக வந்த பிறகு, தொடப் போகாத நேரத்தில் வேண்டுமென்றே குரலைத் தாழ்த்திப் பழகுங்கள். கார்னரைக் குனிய வைக்க உங்கள் காலுக்குத் துணையாக இந்தக் குரலும் சேரட்டும். ரெய்டுக்கு 30 நொடி என்பதையும் பாட்டோடு சேர்த்தே எண்ணிப் பழகலாம். ஒரு மூச்சில் எத்தனை 'கபடி' வருகிறது என்று தெரிந்தவருக்குக் கடிகாரத்தைத் திரும்பிப் பார்க்கும் தேவை இல்லை.

தன்னைத் தானே பார்த்துக்கொள்வதற்கு இன்னொரு வழி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. விடியற்காலையில் மண் களத்தில் நன்றாகத் தண்ணீர் தெளித்து, மண் இறுகும்வரை கொஞ்சம் பொறுத்திருந்து, எதிரே யாரும் இல்லாமல் ஒரே ஒரு ரெய்டு போய்த் திரும்புங்கள். பிறகு உட்கார்ந்து உங்கள் காலடித் தடங்களைப் பாருங்கள். குதிகால் ஆழமாகப் பதிந்திருக்கிறதா, விரல் பக்கம் பதிந்திருக்கிறதா. போகும்போது வைத்த அடிகளின் இடைவெளி சமமாக இருக்கிறதா. திரும்பும் இடத்தில் ஒரே தடம் இருக்கிறதா, அல்லது தடுமாறி இரண்டு மூன்று தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கின்றனவா? என்னிடம் பயின்ற ஒரு பெண்ணுக்குத் திரும்பும் இடத்தில் இடது பாதம் ஒரு சாண் நீளத்துக்கு மண்ணைச் சீவிக்கொண்டு போயிருந்தது. அவள் சறுக்கித்தான் திரும்புகிறாள் என்பது அதுவரை அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தச் சறுக்கலை நாங்கள் திருத்தவில்லை. சறுக்கியதால்தான் அவள் திரும்பும்போது உடம்பு தாழ்ந்தே இருந்தது, பிடிப்பவர் கை மேலே போய்விட்டது. அதையே அவளுடைய ஆட்டமாக வளர்த்தோம்.

ஆனால் அதே பெண் மேட்டில் (மண்ணுக்குப் பதில் விரிக்கும் செயற்கை விரிப்பில்) முதல் முறை ஆடிய அன்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வெறுங்கால் மண்ணில் சறுக்கும். ஷூ மேட்டில் சறுக்காது, கவ்விப் பிடிக்கும். பாதம் நின்றுவிடும், உடம்பு திரும்பும், நடுவில் இருக்கும் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். பெண்களுக்கு முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் கிழிவது ஆண்களைவிட அதிகம் என்பது விளையாட்டு மருத்துவத்தில் உறுதியான செய்தி. நல்ல வேளையாக அவளுக்கு வீக்கத்தோடு போயிற்று. மேட்டுக்கென்று அவள் சறுக்கலை விட்டுவிட்டு, இரண்டு சிறிய அடிகளாகத் திரும்பக் கற்றுக்கொள்ள நான்கு மாதம் ஆனது. உங்கள் கடிதத்தில் மண்ணிலும் மேட்டிலும் மாறி மாறி ஆடுவதாகச் சொல்கிறீர்கள். உங்கள் திரும்பல் இரண்டு தரைக்கும் இரண்டு விதமாக இருக்கட்டும். கண்ணாடி முன் ஒற்றைக் காலில் நின்று மெதுவாக உட்கார்ந்து எழுங்கள். முழங்கால் உள்பக்கமாகச் சாய்ந்தால், அதைத் திருத்தாமல் வேகமாகத் திரும்பும் பயிற்சியைச் செய்யாதீர்கள். வாரத்தில் மூன்று நாள் இடுப்புக்கும் தொடையின் பின்தசைக்கும் உரிய பயிற்சி போதும். முழங்கால் வீங்கினால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஆடாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு ஆடுவதைப் பெருமையாகச் சொல்லும் வழக்கம் நம் களங்களில் இருக்கிறது. எத்தனையோ நல்ல பெண்களை அது இருபது வயதிலேயே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது.

தேர்வில் அந்தப் பெரியவர் சொன்னது உங்களைப் புண்படுத்தியிருப்பது தெரிகிறது. அவர் சொன்ன விதம் எப்படியோ, விஷயம் சரிதான். தேர்வுக் களத்தில் ஒரு ரெய்டருக்கு மூன்று அல்லது நான்கு ரெய்டுதான் கிடைக்கும். அந்த நான்கிலும் நான்கு வித்தை காட்டியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: ஒரு டுப்கி, ஒரு தாவல், ஒரு பின்னுதை, ஒரு போனஸ். பார்க்கிறவருக்கு என்ன தோன்றும்? இந்தப் பெண்ணை எந்த நேரத்தில் ரெய்டுக்கு அனுப்பலாம், எதை நம்பி அனுப்பலாம் என்பது தெரியாது. அடுத்த தேர்வில் நான்கு ரெய்டிலும் அந்த ஒரே வாசல் வழியாகப் போங்கள். இரண்டு போனஸ், ஒரு தோள் தொடல், ஒரு வெறும் ரெய்டு என்று முடிந்தாலும் உங்களைப் பற்றி ஒரு தெளிவான எண்ணம் அவர்கள் மனத்தில் நிற்கும். தேர்வு செய்வார்கள் என்று நான் உறுதி சொல்ல முடியாது. ஆனால் இந்த முறை கேட்ட சொல்லை மறுபடி கேட்க மாட்டீர்கள்.

பயிற்சியாளர் கவர் இடத்தில் நிற்கச் சொல்வதை ஏற்றுக்கொள்ளுங்கள். ரெய்டை விட்டுவிடச் சொல்கிறார் என்று நினைத்து அழுததாக எழுதியிருக்கிறீர்கள். அவர் நோக்கம் எதுவாக இருந்தாலும் அதனால் உங்களுக்கு நன்மையே. ஒரு பருவம் முழுக்கத் தடுப்பில் நின்று பார்த்தால்தான், எதிரே வரும் ரெய்டரின் எந்த அசைவுக்கு உங்கள் உடம்பு தானாக நகர்கிறது என்பது தெரியும். எந்த அசைவு உங்களை ஏமாற்றுகிறதோ அதை அன்றிரவே எழுதி வையுங்கள்.

எழுதி வைப்பதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் உங்கள் ரெய்டுகளை வரிசையாக எழுதுங்கள்: எதிரே எத்தனை பேர் நின்றார்கள், எந்தக் காலை முதலில் வைத்தீர்கள், கார்னர் குனிந்தாரா, நின்றாரா, பின்வாங்கினாரா, என்ன கிடைத்தது. நினைவில் இல்லாததைக் கற்பனையாக நிரப்பாதீர்கள், வெற்றிடமாக விடுங்கள். தோழி ஒருவரை வீடியோ எடுக்கச் சொன்னால் இன்னும் நல்லது, ஆனால் வீடியோவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள். நீங்கள் நினைத்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் முதல் நூறு ரெய்டுகளில் நீங்கள் கற்கும் பாடம். நூறு ரெய்டு சேர இரண்டு மூன்று மாதம் ஆகலாம். அதுவரை டுப்கியைத் தொடாதீர்கள். இரண்டு வருட உழைப்பை விடச் சொல்கிறேன் என்பது எனக்குத் தெரியும்; அந்த உழைப்பில் வந்த முதுகு பலமும் தாழ்ந்து நிற்கும் பழக்கமும் உங்களிடமே இருக்கும், அவை எங்கும் போகாது. என்றாவது உங்களைப் பிடிக்க மூன்று பேர் கைகோத்து நிமிர்ந்து வருவார்கள். அன்றைக்கு வேண்டுமானால் டுப்கி போடுங்கள்.

நூறாவது ரெய்டை எழுதிய பிறகு அந்த நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஈர மண்ணில் விழுந்த உங்கள் தடங்களையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். முக்கியமாக, வலது பக்கம் போய்த் திரும்பும் இடத்தில் விழும் தடம் எனக்கு வேண்டும்.